பில்லில் சீரியல் எண் இருக்கிறதா?

"பில்லோடவா, பில் இல்லாமலா?" கணினி வாங்கப் போனால் சில கடைகளில் விலையைச் சொல்லும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். பில் வேண்டாம் என்றால் 18% ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். அப்படி மிச்சம் பிடித்தால், பொருள் பழுதானபிறகு அதை அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்று காட்டக்கூட வழியிருக்காது. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கே ஏமாறுகிறோம்?

முதலாவது, பெயர். 'ஐ7' என்று சொன்னதும் மயங்கிவிடக்கூடாது. ஐ7-4770 என்பது 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11-க்கு இன்டெல் செயலிகளில் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகவே மாடல் எண்ணை முழுதாகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஓடித் தேய்ந்த ஹார்டு டிஸ்கைப் புதிது என்று விற்பது. அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பது அதனுள்ளேயே பதிவாகியிருக்கும். இலவச மென்பொருள் கொண்டு பார்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கையே அழித்து விற்ற மோசடி 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிப்பட்டது. எனவே சீரியல் எண்ணை உற்பத்தியாளர் தளத்தில் இட்டு, வாரண்டி எதுவரை இருக்கிறது என்றும் பாருங்கள்.

மூன்றாவது, அசெம்பிள் செய்யும்போது கொட்டேஷனில் 'எஸ்.எம்.பி.எஸ். 450 வாட்' என்று மட்டும் எழுதிவிட்டு, ஊர்பேர் தெரியாத மின்வழங்கி ஒன்றை மாட்டுவது. அது கெட்டால் மதர்போர்டையும் சேர்த்துக் காலி செய்யக்கூடும்.

பணம் கொடுக்கும் முன்

ஒவ்வொரு பாகத்துக்கும் பிராண்டு, மாடல், சீரியல் எண், வாரண்டிக் காலம் நான்கும் பில்லில் இருக்க வேண்டும். வாரண்டி கொடுப்பது கடையா, கம்பெனியா என்றும் எழுதி வாங்குங்கள். லேப்டாப், அடாப்டர்களில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) குறியும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். இணையத்தில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுத்துவையுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், மின்னஞ்சல் போதும். இணைய விற்பனைத் தளம் என்றால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

வழக்கறிஞர் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மதுரைக்காரர் சென்னைக்கு அலைய வேண்டாம். மதுரையிலேயே வழக்குத் தொடரலாம். பிழைப்புக்காகத் தானே ஜெராக்ஸ் கடை நடத்துபவர் அதற்கு வாங்கிய கணினிக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் வழக்குக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும். 'அடுத்த வாரம் வாங்க' என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கெடுவில்தான் கழிகிறது.