முகம் தெளிவாகத் தெரியட்டும்!

முன்பெல்லாம் அரபு நாட்டு வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றால், நம் பிள்ளைகள் சென்னைக்கோ மும்பைக்கோ பயணப்பட்டு, கையில் கோப்புடன் காத்துக் கிடக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் கொரோனா முடக்கத்திற்குப் பின், அத்தேர்வு பலருக்கு வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது. ஜூம், டீம்ஸ் போன்றவற்றின் வழியே, ரியாத்தில் இருக்கும் அதிகாரி காயல்பட்டினத்து இளைஞரைக் கண்டு பேசுகிறார். பல்லாண்டுப் படிப்பு அரைமணி நேரத்தில் எடைபோடப்படுகையில், திரையில் முகம் தெளிவாகத் தெரிவது அற்பக் காரியமன்று.

1960 செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தனர். நோயுற்று மீண்டிருந்த நிக்சனின் முகம் வாடியிருந்தது. அவரது சாம்பல் நிற உடை பின்னணியோடு கலந்து மங்கிற்று. அடர்நிற உடையணிந்த கென்னடியோ எடுப்பாகத் தெரிந்தார். திரையின் இயல்பை அறிந்திருப்பதன் அவசியத்தை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

முதற்கண் வெளிச்சத்தைக் கவனியுங்கள். காட்சி முழுவதன் ஒளியையும் கணக்கிட்டே கேமரா தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதுகுக்குப் பின்னால் சன்னல் பளிச்சிட்டால் முகம் இருண்டுவிடும். எனவே சன்னலை நோக்கி அமர்வதே முறை. மூக்குக் கண்ணாடி அணிபவர்கள், அதில் ஒளி பட்டுத் தெறிக்காதவாறு விளக்கைச் சற்று உயர்த்தி வைக்கலாம்.

சகோதரிகளுக்கு ஒரு சொல்: தூய வெண்ணிற முக்காடு ஒளியை மிகுதியாகத் திருப்புவதால் முகம் மங்கக்கூடும். கருப்பு முக்காடு இருண்ட சுவரோடு கரைந்துவிடும். இளநீலம், பச்சை போன்ற நடுத்தர நிறங்கள் பொருத்தமானவை. நெருக்கமான கோடுகளும் கட்டங்களும் திரையில் அலைபாயும். அவற்றைத் தவிர்த்தல் நலம்.

கேமரா கண்மட்டத்தில் இருக்கட்டும். மடிக்கணினியின் அடியில் நாலைந்து புத்தகங்களை அடுக்கினால் போதும். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் அசையாத இடத்தில் நிறுத்துங்கள். மிக நெருங்கி அமர்ந்தால் மூக்கு பெரிதாகத் தோன்றும். ஒரு கை நீளத்திற்குக் குறையாத இடைவெளி வேண்டும். பேசும்போது திரையிலுள்ள உருவத்தையன்று, கேமராவின் கண்ணையே நோக்குங்கள். அப்போதுதான் எதிரிலிருப்பவர் முகம் பார்த்துப் பேசுவதாக உணர்வார்.

நேரக் கணக்கும் முக்கியம். ரியாத்தில் காலை 10 மணி என்றால் நமக்குப் பகல் 12.30, துபாயில் 10 என்றால் நமக்கு 11.30. முதல்நாள் அதே நேரத்தில் அமர்ந்து, வெளிச்சம் எப்படி விழுகிறதென்று பார்த்துவிடுங்கள். சவூதியில் ஞாயிறு வேலைநாள். நம் வீடுகளிலோ அன்று விருந்தினர் கூடுவர். ஆகவே வீட்டாரிடம் முன்னரே சொல்லி வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “நிறம் கம்மியாய்த் தெரிகிறதே” என்று பிள்ளைக்குப் பவுடர் பூசாதீர்கள். திரையில் அது சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரும் வேண்டாம். நாளை நேரில் காணப்போகிறவருக்கு இன்று வேறு முகத்தைக் காட்டுவானேன்? மாநிறமும் கருநிறமும் குறையல்ல. வெளிச்சக் குறைவே குறை. விளக்கைச் சரியான இடத்தில் வைத்து, பிள்ளையைத் தன் முகத்தோடும் தன்னம்பிக்கையோடும் அமர வையுங்கள். மற்றதை அவர்கள் கற்ற கல்வி பேசும், இன்ஷா அல்லாஹ்.