வன்தட்டில் வரப்பு கட்டுவோம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் இருபுறமும் உப்பளங்களைக் காணலாம். நிலம் முழுவதும் பாத்திகள்; பாத்திக்குப் பாத்தி இடையில் ஒரு வரப்பு. கடலிலிருந்தோ கிணற்றிலிருந்தோ வரும் உப்புநீரை வெட்டவெளியில் பாய்ச்சிவிட்டால் நல்ல உப்பு கிடைக்காது. நீரைத் தேக்கிவைக்க ஒரு பகுதி, வெயிலில் சுண்டவைக்க ஒரு பகுதி, உப்பு படிய ஒரு பகுதி என்று முதலில் நிலத்தைப் பிரித்தாக வேண்டும். அதன் பிறகுதான் நீர் பாய்ச்சும் வேலை.

வீட்டில் சொந்தமாகக் கணிப்பொறி ஒன்றை அமைக்க விரும்பும் மாணவரும் இதே போன்றதொரு வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. மதர்போர்டு, செயலி, நினைவகம், மின்வழங்கி ஆகியவற்றை வாங்கிப் பொருத்தி, ஹார்டு டிஸ்க் என்று கடைக்காரர் கூறும் வன்தட்டையும் இணைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் கொடுத்தால் விசிறி சுற்றுகிறது. திரையில் எழுத்துகள் தெரிகின்றன. ஆனால் அந்தப் புதிய வன்தட்டில் ஒரு புகைப்படத்தைக் கூடச் சேமிக்க முடியவில்லை. ஏன்? அது இன்னும் வரப்பு கட்டாத நிலம். முதலில் அதைப் பிரிவுகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவையும் ஃபார்மட் செய்ய வேண்டும். இவ்விரண்டு வேலைகளும் யாவை, அவை எதைக் காக்கும், எதைக் காக்காது என்று பார்ப்போம்.

உறைக்குள்ளே என்ன?

வன்தட்டின் உறைக்குள் அலுமினியம் அல்லது கண்ணாடியால் ஆன வட்டத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் மிக மெல்லிய காந்தப் பூச்சு. அப்பூச்சின் நுண்ணிய பகுதிகள் எத்திசையில் காந்தமாக்கப்பட்டுள்ளன என்பதைக் கொண்டே 0, 1 ஆகிய குறிகள் பதிவாகின்றன. தட்டு நிமிடத்திற்கு 7200 முறை சுழல்கிறது என்றால், நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி. படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்து செல்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர்!

1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து சேமித்தவை 50 இலட்சம் எழுத்துகள்தாம். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்த வளர்ச்சிக்கு இயற்பியல் பெரிதும் துணைநின்றது. 1988-இல் ஃபெர்ட், குருன்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்த ‘பெருங்காந்த மின்தடை’ என்னும் விளைவு, மிகச் சிறிய காந்தப் பகுதிகளையும் படிக்கும் முனைகளைச் செய்ய வழி காட்டியது. அதற்காக 2007-இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

தட்டின் பரப்பு செக்டார் என்னும் சிறு துண்டுகளாகத் தொழிற்சாலையிலேயே வகுக்கப்பட்டுவிடுகிறது. ஒரு செக்டாரில் 512 பைட்டுகள். புதிய வன்தட்டுகளில் 4096 பைட்டுகள். ஒவ்வொரு செக்டாருக்கும் வரிசை எண் உண்டு. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதிய வகையில் சுழலும் தட்டு இல்லை. குறைகடத்திச் சில்லுகளே உள்ளன. ஆயினும் கணிப்பொறிக்கு அதுவும் எண்ணிட்ட செக்டார்களின் வரிசையாகவே தோன்றும். எனவே பிரிக்கும் முறை இரண்டிற்கும் ஒன்றுதான்.

வரப்பு எங்கே இருக்கிறது?

வன்தட்டைப் பிரிப்பது என்றவுடன் தட்டில் ஏதோ கோடு கிழிக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ‘முதல் பிரிவு இந்த எண் செக்டாரில் தொடங்குகிறது, இத்தனை செக்டார் நீளம், இரண்டாவது பிரிவு அதற்கு அடுத்து’ என்று ஓர் அட்டவணை எழுதப்படுகிறது. அவ்வளவே. இங்கு வரப்பு என்பது மண்ணன்று, எண்!

1983-இல் வந்த டாஸ் 2.0 காலம் முதல் இந்த அட்டவணை வன்தட்டின் முதல் செக்டாரிலேயே இடம்பெற்றது. எம்.பி.ஆர். என்பது அதன் பெயர். அந்த 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் கணிப்பொறியைத் தொடக்கிவைக்கும் நிரலுக்கு. கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கு. மீதி 64. ஒரு பிரிவின் விவரத்திற்கு 16 பைட்டுகள் தேவை. ஆகவே எத்தனை பிரிவுகள் எழுதலாம்? நான்கே நான்கு.

மற்றொரு குறையும் உண்டு. செக்டார் எண்ணை எழுத 32 இருமக் குறிகளே ஒதுக்கப்பட்டன. 2-இன் 32-ஆம் அடுக்கு 4,29,49,67,296. இதை 512-ஆல் பெருக்குங்கள், ஏறத்தாழ 2.2 டெராபைட் வரும். அதற்கு அப்பால் இருக்கும் இடத்தை இந்த அட்டவணையால் சுட்டவே முடியாது. இன்று பயன்படும் ஜி.பி.டி. என்னும் அட்டவணை 64 இருமக் குறிகளைக் கொள்கிறது. வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் தருகிறது. மேலும் அது தன் நகல் ஒன்றை வன்தட்டின் கடைசியிலும் எழுதி வைக்கிறது. முன்னது கெட்டால் பின்னது உதவும் என்பதே காரணம். இந்த நகல் பற்றிப் பிறகு மீண்டும் பேசுவோம்.

பிரிப்பதால் என்ன பயன்? நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் பலவற்றில் விண்டோஸ் ஒரு புறமும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மறுபுறமும் இருந்தன. மாணவர் தாம் விரும்பியதைத் தொடக்கத்தில் தேர்ந்துகொள்ளலாம். ஒரே வன்தட்டில் இரண்டு இயக்கமுறைமைகள் மோதாமல் குடியிருக்கத் தனித்தனிப் பிரிவுகள்தாம் இடந்தந்தன.

ஃபார்மட் என்பது பதிவேடு

பிரிவு தயார். இனி ஃபார்மட். இதற்குத் தூத்துக்குடித் துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பெட்டகம் எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் உள்ளது என்ற பதிவு இல்லாவிட்டால், பொருள் இருந்தும் இல்லாததுபோல்தான். ஃபார்மட் செய்யும்போது இத்தகைய பதிவேடு ஒன்று பிரிவில் எழுதப்படுகிறது. கோப்பின் பெயர் என்ன, அது எங்கெங்கே வைக்கப்பட்டுள்ளது, எந்த இடம் காலி என்பனவெல்லாம் அதில் இருக்கும்.

பதிவேடு எழுதும் முறைகள் பல. விண்டோஸ் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். முறையைக் கையாள்கிறது, லினக்ஸில் இ.எக்ஸ்.டி.4 பெருவழக்கு. பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிகாபைட் அளவை எட்டும் ஒரே கோப்பை வைக்க இயலாது. பென்டிரைவில் இடமிருந்தும் பெரிய திரைப்படம் ஏற மறுப்பதன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு முக்கியச் செய்தி. விரைவு ஃபார்மட் செய்தால் பழைய பதிவேடு போய்ப் புதிய வெற்றுப் பதிவேடு வரும். பெட்டகங்கள் அங்கேயே இருக்கும்! சுழலும் வன்தட்டில் அவற்றைத் தனி மென்பொருளால் தேடி எடுத்துவிட முடியும். எனவே பழைய கணிப்பொறியை விற்கும்போது விரைவு ஃபார்மட்டை நம்பக் கூடாது. முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007 முதல், பிரிவு முழுவதும் பூச்சியங்களை எழுதுகிறது. எஸ்.எஸ்.டி.யிலோ நிலை வேறு. காலி என்று குறிக்கப்பட்ட இடத்தை அது தானாகவே விரைவில் துடைத்துவிடக்கூடும். தவறி அழித்ததை மீட்பது அதில் மிகக் கடினம்.

வரப்பு எதைக் காக்கும்?

ஒரு டெராபைட் வன்தட்டை வாங்கியவர், 200 ஜிகாபைட்டை இயக்கமுறைமைக்கும் மீதியைப் பாடக்குறிப்பு, படங்களுக்கும் ஒதுக்குகிறார் என்போம். நச்சுநிரலால் இயக்கமுறைமை கெட்டால், முதல் பிரிவை மட்டும் ஃபார்மட் செய்து மீண்டும் நிறுவலாம். மற்றது அப்படியே இருக்கும். இது பெரிய நன்மை. ஆனால் இதைக் கண்டு, ‘இரண்டாவது பிரிவிலும் ஒரு நகல் வைத்துவிட்டேன், இனிக் கவலையில்லை’ என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. இரண்டு பிரிவுகளும் ஒரே தட்டில், ஒரே மோட்டாரால் சுழல்பவை. மோட்டார் நின்றால் இரண்டும் நிற்கும். ஜி.பி.டி. தன் கடைசிப் பகுதியில் வைக்கும் நகலும் அப்போது பயன்படாது.

2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது. உப்பளங்களில் வரப்புகள் இருந்தன. ஆனால் வெள்ளம் வரப்பைப் பார்த்து நிற்கவில்லை. எல்லாப் பாத்திகளும் ஒன்றாகவே மூழ்கின. வீட்டில் தரையோடு வைத்த கணிப்பொறிக்குள் அப்படி நீர் புகுந்தால், வன்தட்டில் எத்தனை பிரிவுகள் இருந்து என்ன? வரப்பு ஒழுங்கைத் தரும், வெள்ளத்திலிருந்து காக்காது. இழக்கக் கூடாத சான்றிதழ்களுக்கும் படங்களுக்கும் இன்னொரு கருவியில் ஒரு நகல் வேண்டும். அதுவும் இயன்றால் வேறு வீட்டில், வேறு ஊரில் இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

பிரிக்கும் வேலையைத் தொடங்குமுன் பழைய வன்தட்டு எதுவும் இணைப்பில் இருந்தால் கணிப்பொறியை அணைத்து அதைக் கழற்றிவிடுங்கள். தவறான தட்டைத் தேர்ந்து அழித்துவிடும் ஆபத்து அதனால் நீங்கும். இயக்கமுறைமையை நிறுவும் திரையில் ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று காட்டும். அதில் அளவைக் கொடுத்துப் பிரிவை உருவாக்குங்கள்; ஃபார்மட் கட்டளை கொடுங்கள். அட்டவணை வகை கேட்டால் புதிய கணிப்பொறிக்கு ஜி.பி.டி. ஏற்றது.

ஒரு டெராபைட் என்று வாங்கிய தட்டை விண்டோஸ் 931 ஜிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்! உற்பத்தியாளர் இலட்சம் கோடி பைட்டுகளை ஒரு டெராபைட் என்கிறார். விண்டோஸோ 1024-ஐ மும்முறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட்டுகளை ஒரு ஜிகாபைட்டாகக் கொள்கிறது. வகுத்துப் பாருங்கள், விடை வரும். அப்படியானால் 500 ஜிகாபைட் தட்டை அது எவ்வளவு என்று காட்டும்? கணக்கிட்டபின், உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் சரிபாருங்கள். அப்போதே அதில் உள்ள உங்கள் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.