மொட்டமலையிலிருந்து பார்த்தால் தெரியும் கொழும்பு

ராஜபாளையத்தை அடுத்த மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பக்கத்து ஊரான மம்சாபுரத்துக்காரர்களுக்கு அது பஸ்ஸில் கடந்துபோகிற இடம். தணிக்கை நாள் வந்தால் முகாமில் இருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே இருந்தாக வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகைக்குச் சிக்கல். இந்த மண்ணிலேயே பிறந்து, பெயின்ட் வேலைக்கும் மில் வேலைக்கும் போகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். 'இந்தியாவின் இலங்கைக் கொள்கை' என்று பேப்பரில் படிக்கிறோமே, அது நம் ஊருக்குப் பக்கத்தில் வந்து இறங்கிய இடம் இதுதான்.

அந்தக் கொள்கை ஆட்சிக்கு ஆட்சி மாறியது போலத் தோன்றும். ஆனால் மாறாத ஒன்று அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது: நமக்கு ஆகாத வல்லரசு எதுவும் இலங்கையில் கால் ஊன்றிவிடக் கூடாது. தமிழர் பிரச்சினைக்கு டெல்லி காட்டும் அக்கறை இதைப் பொறுத்தே ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அவர்கள் இலங்கையின் மக்கள், அவர்களுடைய பொறுப்பு இலங்கைக்கே என்றார் நேரு. தானாக விரும்பிக் கேட்பவருக்கு மட்டுமே இந்தியக் குடியுரிமை என்பதில் உறுதியாக நின்றார். 1964 மே மாதம் அவர் மறைந்தார். ஐந்தே மாதத்தில், அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் ஒப்பந்தம் போட்டார். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1962-இல் சீனாவிடம் அடிபட்ட இந்தியாவுக்குப் பக்கத்து நாடுகளின் நட்பு அவசரமாகத் தேவைப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். பிறகு நீலகிரி தேயிலைத் தோட்டம், நூற்பாலை, சிறுதொழில் கடன் என்று ஆளுக்கொரு திசையில் அனுப்பினார்கள். தாத்தா பாட்டி பிழைக்கப் போன ஊருக்குப் பேரன் 'திரும்பி' வந்தான்; ஊருக்குள் அவனுக்குச் சிலோன்காரன் என்று பெயர். 1974-இல் கச்சத்தீவும் இலங்கைக்குக் கைமாறியது. அதற்குப் பின்னாலும் இருந்தது கொழும்பைக் கைக்குள் வைத்துக்கொள்ளும் அதே கணக்குதான்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா அமெரிக்கா பக்கம் சாய்ந்திருந்தார். டெல்லி தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்தது. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தமிழர்களுக்கு மாகாண சபை வந்தது. அன்றைக்கு இருவரும் மாற்றிக்கொண்ட கடிதங்களைத்தான் நாம் படிக்க மறக்கிறோம். இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டுக்கும் திருகோணமலைத் துறைமுகத்தை ராணுவப் பயன்பாட்டுக்குத் தரக் கூடாது, அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்க வேண்டும் என்று அவற்றில் இருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தையொட்டி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்திருந்தார்கள். 1991-இல் ராஜீவ் கொல்லப்பட்ட பின் டெல்லி ஒதுங்கி நின்றது. 1998-இல் வணிக ஒப்பந்தம் போட்டது. இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்த 2009-க்குப் பிறகு 50,000 வீடுகள் கட்டித்தர முன்வந்தது. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் 2012, 2013-இல் இலங்கைக்கு எதிராக வாக்களித்தது, 2014-இல் வாக்களிக்காமல் இருந்துகொண்டது.

இடையில் சீனா வந்துவிட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022-இல் இலங்கை கடனில் மூழ்கி, பெட்ரோலுக்கும் பால்பவுடருக்கும் வரிசை நின்றபோது இந்தியா கிட்டத்தட்ட 400 கோடி டாலர் உதவி செய்தது. நல்ல காரியம், மனதார வரவேற்க வேண்டியது. அந்த ஜனவரியில்தான், 35 ஆண்டு இழுத்தடிப்புக்குப் பிறகு, திருகோணமலை எண்ணெய்த் தொட்டி ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1987 கடிதத்தின் எண்ணெய்த் தொட்டி நகர்ந்துவிட்டது. அதே நாளில் பிறந்த மாகாண சபைகளோ தேர்தல் இல்லாமல் பல ஆண்டுகளாகக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே அழுத்தத்தோடு டெல்லி கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

மொட்டமலைக்குத் திரும்புவோம். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. தமிழக அரசு 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, உதவித்தொகையை உயர்த்தியது. 2015 ஜனவரி 9-க்கு முன் உரிய ஆவணம் இல்லாமல் வந்து பதிவு செய்தவர்களுக்குத் தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. குடியுரிமை பற்றி அதில் பேச்சில்லை.

இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண் இதைச் சொல்லித்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பாஸ்போர்ட் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் வரிசையில் நின்று முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அவருக்கு அப்போது வயது 38. பெற்றோர் இருவரும் அகதிகளாக இருந்து, அந்தத் தேதிக்குப் பின் முகாமில் பிறந்தவர்கள் தணிக்கை நாளில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறார்கள்.