மருத்துவ உதவியாளர் படிப்பு: மதிப்பெண்ணும் கைப்பழக்கமும்

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் எங்கள் பங்கு இல்லத்துத் திண்ணை நிறைந்துவிடும். நற்சான்றுக் கடிதம் வேண்டி மாணவர்கள் வருவார்கள். அவர்களுக்கு முன்னதாகவே பேச்சைத் தொடங்கிவிடும் தாய்மார்களும் உடன் வருவார்கள். ஒரு காலத்தில் ஆசிரியப் பயிற்சிக்கென்று கடிதம் கேட்டார்கள். பின்னர் பொறியியல் வந்தது. இப்போதோ ஆய்வகத் தொழில்நுட்பம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், அறுவை அரங்கு உதவி, மருத்துவர் உதவியாளர் என்று மருத்துவத்தைச் சார்ந்த துணைப் படிப்புகளே பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. "சாமி, எந்தக் காலேஜ் நல்லது?" என்று வினவும் தாய்க்கு, கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் மனத்திற்கொண்டு நானும் விடை சொல்லி வந்தேன். அவ்வாறு நான் சொன்ன விடை ஒன்று பொய்த்துப் போனதைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறேன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் பங்கைச் சேர்ந்த எழுபது வயது மூதாட்டி ஒருவர், காய்ச்சலும் சோர்வுமாக நகரத்து மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தார். நோயில்பூசுதல் வழங்க நான் சென்றபோது, அவருடைய இடக்கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இரத்தம் எடுக்க வந்த இளைஞனும் எங்கள் பங்கின் பிள்ளையே. அவன் படித்த கல்லூரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவனும் நானே. அவன் புன்முறுவலோடு என்னை வணங்கிவிட்டு, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த அதே கையில், ஊசி செருகியிருந்த இடத்திற்குச் சற்று மேலாக இரத்தம் எடுத்துச் சென்றான். எனக்கு அதில் பிழையேதும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு நான் என்ன கண்டேன்?

அரை மணி நேரம் கழித்து ஆய்வறிக்கை வந்தது. சர்க்கரை 540 என்றிருந்தது. தொலைபேசியில் செய்தியறிந்த மருத்துவர், இன்சுலின் போடுமாறு பணித்தார். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த மூத்த செவிலியர், பாட்டியின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பாட்டியோ என்னிடம் கோயில் திருவிழாவைப் பற்றிக் கதை பேசிக்கொண்டிருந்தார். செவிலியர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வலக்கையின் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமெடுத்துக் கையடக்கக் கருவியில் சோதித்தார். 132 என்று காட்டியது. இன்சுலின் போடப்படவில்லை. போட்டிருந்தால், உள்ள சர்க்கரையும் சரிந்து, அந்த மூதாட்டி நினைவிழந்திருப்பார். அதற்குமேல் நேர்ந்திருக்கக் கூடியதை எழுத என் கை கூசுகிறது.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைப் பின்னர் அச்செவிலியரே எனக்கு விளக்கினார். வழக்கமாக ஏற்றப்படும் 5 விழுக்காட்டுக் குளுக்கோஸ் நீரில், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம், அதாவது 5,000 மில்லிகிராம் சர்க்கரை உள்ளது. நம் இரத்தத்தில் அதே அளவில் இருப்பதோ ஏறத்தாழ 100 மில்லிகிராம். ஆகவே எடுக்கப்படும் இரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அந்நீர் கலந்தாலே போதும். கணக்கு 500-ஐத் தாண்டிவிடும். டிரிப் ஓடும் கையைத் தவிர்த்து மறு கையில் எடுக்க வேண்டும் என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

மறுநாள் மாலை அவ்விளைஞனை அழைத்து வினவினேன்.

"ஏன் தம்பி, அந்தக் கையில் எடுத்தாய்?"

"அந்தக் கையிலதான் நரம்பு நல்லாத் தெரிஞ்சுது, சாமி."

"டிரிப் ஓடும் கையில் எடுக்கலாகாது என்று நீ படிக்கவில்லையா?"

"படிச்சேன் சாமி. பரீட்சையிலயும் வந்துச்சு. ரெண்டு மார்க் கேள்வி; ரெண்டும் வாங்கினேன்."

இந்த விடை என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய மதிப்பெண் பட்டியலை நானே பார்த்தேன், எவரும் மெச்சத்தக்கது. ஆயினும் இரண்டு ஆண்டுப் படிப்பில் உயிருள்ள மனிதரிடம் எத்தனை முறை இரத்தம் எடுத்தாய் என்று கேட்டபோது, விரல்விட்டு எண்ணிப் பதினொன்று என்றான். அவற்றுள் பாதிக்கு மேல் உடன் பயின்றவர்களின் கைகள். கல்லூரிக்கெனச் சொந்த மருத்துவமனை கிடையாது. முப்பது பேரை ஒரு சிறிய ஆய்வகத்திற்கு அனுப்பினார்கள். இவன் எப்போதும் பின்வரிசையில் நின்றான். செய்முறைக் குறிப்பேட்டிலுள்ள பதிவுகளோ, முந்தைய ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து எழுதியவை. அக்கல்லூரியின் தேர்ச்சி விழுக்காடு நூறு. அந்த நூற்றை நம்பித்தான் நானும் கடிதம் எழுதினேன்.

இந்நிலை நமக்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்க மருத்துவக் கல்வியாளரான ஜார்ஜ் மில்லர் 1990-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், தொழிற்கல்வியின் தேர்ச்சியை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்றை அறிதல் முதற்படி. அதை எவ்வாறு செய்வது என்றறிதல் இரண்டாம் படி. தேர்வாளர் முன் செய்து காட்டுதல் மூன்றாம் படி. எவரும் பாராதபோதும் அன்றாடப் பணியில் அவ்வாறே செய்தல் நான்காம் படி. எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது. நம் இளைஞன் அவ்விரண்டிலும் முழு மதிப்பெண் பெற்றான். நான்காம் படியில் நம் பாட்டியின் கை இருந்தது.

மூன்றாம் படியைச் சோதிக்க ஒரு வழியை ஸ்காத்லாந்து நாட்டின் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் என்ற பேராசிரியர் வகுத்து, 1975-இல் வெளியிட்டார். ஓர் அறையைப் பல நிலையங்களாகப் பிரித்திருப்பார்கள். மணி அடித்ததும் மாணவன் ஒரு நிலையத்திற்குச் செல்வான். அங்கே ஒருவர் நோயாளியாக அமர்ந்திருப்பார். 'இவருக்கு இரத்த அழுத்தம் பார்' என்று எழுதியிருக்கும். ஐந்து நிமிடம் அமர்த்தி இளைப்பாறச் செய்தானா, கையை இதய மட்டத்தில் தாங்கிப் பிடித்தானா, கைக்கேற்ற அளவுள்ள பட்டையைக் கட்டினானா, கால்மேல் கால் போட்டிருந்ததை எடுக்கச் சொன்னானா என்று தேர்வாளர் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார். மீண்டும் மணி அடித்தால் அடுத்த நிலையம். எல்லா மாணவர்க்கும் அதே பணி, அதே அளவுகோல். முகதாட்சணியத்திற்கு இடம் குறைவு. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இம்முறை இன்று வழக்கத்தில் உள்ளது. துணைப் படிப்புகளை நடத்தும் சிறு நிறுவனங்கள் எத்தனை இதை மனமுவந்து செய்கின்றன என்பதை, சேருமுன் கேட்டறிவது பெற்றோரின் கடமை.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுவது நேர்மை. குருமடத்தில் நாங்கள் அடக்கச் சடங்கின் செபங்களை மனப்பாடமாகவே அறிந்திருந்தோம். ஆயினும் பங்கில் முதன்முறையாக, குழந்தையை இழந்த வீட்டு வாசலில் நின்றபோது என் நா எழவில்லை. முதிய பங்குத் தந்தை ஒருவர் என்னைப் பின்னுக்குத் தள்ளி, முற்றத்தில் அமர்ந்திருந்த தந்தையின் அருகே தாமும் தரையில் அமர்ந்தார். அவர் எதுவுமே பேசவில்லை. அன்று நான் கற்றது எந்தப் பாடநூலிலும் இல்லை. குருப்பட்டத்திற்கு முன் பங்குப் பணியில் அமர்த்திப் பழக்கும் காலம் ஏன் வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று. மருத்துவ உதவியாளர்க்கு அத்தகைய காலம் வேண்டாமா?

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ஆம் ஆண்டு யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவர் தொடங்கிய மருத்துவர் உதவியாளர் படிப்பின் வரலாறு சிந்திக்கத்தக்கது. முதல் வகுப்பில் அவர் சேர்த்துக்கொண்டவர்கள் நால்வர். நால்வரும் கடற்படையில் காயமுற்றோரைப் பேணிப் பழகி வந்தவர்கள். கைப்பழக்கம் முன்னரே இருந்தது. கல்லூரி அதன்மேல் அறிவைச் சேர்த்தது. இப்படிப்பு 1992-இல் சென்னையில் மருத்துவர் கே. எம். செரியன் வாயிலாக நம் நாட்டிற்கு வந்தபோது சேர்ந்தவர்களோ பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள். ஆகவே இங்கே கைப்பழக்கத்தையும் கல்லூரியே தர வேண்டியதாயிற்று. வகுப்பறை ஆண்டுகளுக்குப் பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்று ஏட்டில் வகுத்திருப்பது இதற்காகவே. அந்த ஓராண்டு சம்பளமில்லாத வேலையாட்களைப் பெறும் ஆண்டாக மாறிவிடின், படிப்பின் உயிர்நாடியே அறுபட்டுவிடும்.

நம் பக்கத்திலும் பழைய முன்மாதிரிகள் உண்டு. தெற்கே நெய்யூரில் 1838-இல் இலண்டன் மிஷனார் தொடங்கிய மருத்துவப் பணியில், 1860-களில் ஜான் லோ என்ற மருத்துவர் உள்ளூர் இளைஞர்களைத் திரட்டிப் பயிற்றுவித்தார். அவ்வாறு பழகியவர்களே பின்னர் கிளை மருந்தகங்களை ஏற்று நடத்தினார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் நடத்திய பள்ளியோ இன்னும் ஆழமான பாடம் தருகிறது. முதலில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்களோ அரசு வேலை தேடி அகன்றார்கள். கிராமங்கள் அப்படியே இருந்தன. தம் படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்று அவர் எண்ணிப் பார்த்தார். 1864-ஆம் ஆண்டளவில் தமிழுக்கு மாறினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் போன்ற நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் அச்சேறின. தேர்வில் வென்றவர் எத்தனை பேர் என்று மட்டும் பாராமல், வென்றவர் எங்கே போனார் என்றும் பார்த்த ஆசிரியர் அவர்.

மொழியைப் பற்றி மேலும் ஒரு சொல். அம்பாசமுத்திரத்திலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனைக்கு வரும் முதியவர், 'கிறக்கமா வருது', 'நெஞ்சு படபடங்குது', 'மேலுக்கு முடியல' என்றுதான் சொல்வார். கிறக்கம் என்பது தலைச்சுற்றலா, பசிச் சோர்வா, நினைவு தப்பும் முன்னறிகுறியா? இதைப் பக்குவமாகக் கேட்டறிந்து மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டியவர் உதவியாளரே. நம் பிள்ளைகள் வீட்டில் இம்மொழியைத்தான் பேசுகிறார்கள். கல்லூரியிலோ ஆங்கிலக் குறிப்புகளை நெட்டுருச் செய்கிறார்கள். இரண்டுக்கும் இடையே பாலம் கட்டும் பாடவேளை ஒன்று உண்டா என்று நான் விசாரித்த இடங்களில், கேள்வியையே வியப்போடு பார்த்தார்கள்.

சட்டம் இப்போது ஓரளவு துணை நிற்கிறது. துணை மருத்துவத் தொழிலர்க்கென 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தேசிய ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றியது. துணைத் தொழிலருக்கான படிப்பு 2 முதல் 4 ஆண்டுகளில் 2,000 மணி நேரத்திற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்றும், இவர்களுக்கு மேற்படியிலுள்ள பட்டதாரித் தொழிலர்க்கு 3 முதல் 6 ஆண்டுகளில் 3,600 மணி நேரம் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டப்படும் 'ஆறே மாதத்தில் வேலை' என்ற விளம்பரத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 6 மணி, மாதத்திற்கு 25 நாள் என்று கணக்கிட்டாலும் ஆறு மாதத்தில் 900 மணிதான் தேறும். இத்தகைய குறுகிய சான்றிதழ், நோயாளியைத் தூக்கிவிடவும் துடைத்துவிடவும் உதவியாள் ஆவதற்குப் பயன்படலாம். அதுவும் மதிப்புக்குரிய வேலையே. ஆனால் அதைத் தொழில்நுட்பர் படிப்பென்றும் செவிலியர் படிப்பென்றும் சொல்லி விற்பது வஞ்சகம். செவிலியராவதற்கு மாநிலக் குழுமத்தில் பதிவு இன்றியமையாதது. பதிவில்லாத பெண் எத்தனை ஆண்டு உழைத்தாலும் குறைந்த கூலிக்கே உழைக்க நேரிடும்.

முக்கூடல் பக்கத்துத் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிச் சேர்த்த பணம் இந்தக் கட்டணத்திற்குத்தான் போகிறது. ஆகவே என் திண்ணைக்கு வருவோரிடம் இப்போது கடிதம் கொடுக்குமுன் சில வினாக்களைக் கொடுத்தனுப்புகிறேன். பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே கட்டில்கள் எத்தனை, ஒரு நாளில் ஒரு பயிற்றுநருக்கு மாணவர் எத்தனை பேர்? குறிப்பேட்டில் கையெழுத்திடுபவர் அருகில் நின்று பார்த்துத்தான் இடுகிறாரா? மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்தவர்கள் இப்போது எங்கே பணியாற்றுகிறார்கள்? கடைசி வினாவிற்குக் கல்லூரி அலுவலகத்தில் விடை தேட வேண்டாம் என்றும் சொல்கிறேன். மருத்துவமனையின் மூத்த செவிலியரிடம் கேட்டால், எந்தக் கல்லூரிப் பிள்ளையை நம்பி வார்டில் விடலாம் என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்.

பெரிய மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி என்றால் கவலையில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 1965-இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற அரசு நிறுவனங்களில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. அது கற்போர்க்குப் பெரும்பேறு. ஆயினும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் மருத்துவ மாணவர், செவிலிய மாணவர், துணைப் படிப்பு மாணவர் என மூன்று கூட்டம் ஒரே கட்டிலைச் சூழும்போது, கடைசிக் கூட்டத்திற்குக் கை நீட்ட இடம் கிடைப்பது அரிது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்.

அவ்விளைஞனின் வேலை போகவில்லை. ஆய்வகத் தலைவர் அவனை ஆறு மாதம் ஒரு மூத்த தொழில்நுட்பரின் கீழ் வைத்தார். நாள்தோறும் எடுத்த ஒவ்வொன்றிற்கும் அவர் அருகில் நின்று கையெழுத்திட்டார். கல்லூரி செய்யத் தவறியதை மருத்துவமனை செய்தது. அந்த ஆறு மாதமும் பாதிச் சம்பளம். அந்தப் பாதியை ஈடுசெய்யும்படி கல்லூரியைக் கேட்க எவருக்கும் வழியில்லை. பாட்டி நலமுற்று வீடு திரும்பிவிட்டார். அவன் தெருவில் எதிர்ப்பட்டால், "எலேய், எந்தக் கையிலடா எடுக்கணும்?" என்று உரக்கக் கேட்கிறார், அவன் சிரித்துக்கொண்டே வலக்கையைத் தொட்டுக் காட்டுகிறான்.

இவ்வாண்டு அவனுடைய தாய் தன் இளைய மகளுக்காக வந்திருந்தார். வினாக்களை எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தவர், தாளைத் திண்ணையில் வைத்துவிட்டு அமர்ந்தார். "ஆஸ்பத்திரி எதுன்னு கேட்டேன், சாமி. பில்டிங்கைச் சுத்திச் சுத்திக் காட்டுதாவ" என்றார். கடிதத்தை வேறொரு கல்லூரிக்கு எழுதினேன்.