வேப்பமரம் ஈயத்தை என்ன செய்யும்?

“மரம் நட்டா மண்ணுல இருக்கிற விஷத்தை எல்லாம் உறிஞ்சிடும்தானே சார்?” செவ்வாப்பேட்டைப் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். ஆம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லி வந்தேன். அது பாதிதான் சரி.

கன உலோகங்கள் மட்குவதில்லை. கார்பன் டைஆக்சைடை உணவாக மாற்றுவதுபோல் ஈயத்தை வேறொன்றாக மாற்ற எந்த மரத்தாலும் முடியாது. அதை எங்கே ஒதுக்கி வைப்பது என்பதை மட்டுமே மரம் தீர்மானிக்கிறது.

முதல் தடுப்பு வேரில் இருக்கிறது. வேர்ச்செல்லின் சுவரிலுள்ள பெக்டின் ஈயத்தைப் பற்றிக்கொள்ளும். வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சைகளும் ஒரு பங்கை நிறுத்திவிடும். இவற்றைத் தாண்டி நுழையும் காட்மியத்தை ஃபைட்டோகிலேட்டின் என்னும் பெப்டைடுகள் பிணைத்து, வாக்குவோலுக்குள் கொண்டுபோய் அடைக்கின்றன.

ஈயமும் குரோமியமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். காட்மியம் அப்படியில்லை, துத்தநாகமும் கால்சியமும் செல்லும் வழியில் புகுந்து இலைவரை ஏறும். நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரம் உண்டு. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். உலர்த்திய அந்தப் பாலில் சுமார் 25 விழுக்காடு நிக்கல்! அது அரிய விதிவிலக்கு. நம் வேம்பும் புங்கனும் அந்த வேலையைச் செய்யா.

ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, 1.5 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நீர் கசியும். நீரில் கரையும் அந்த ஆறு இணைதிறன் குரோமியம், சல்பேட்டுக்கான பாதையில் வேருக்குள் நுழைகிறது. வேர் வளர்ச்சி குன்றும். இரும்புச் சத்து மேலே போகாமல் இளம் இலைகளில் பச்சைய சோகை தோன்றும். ஆனால் மஞ்சள் இலையைப் பார்த்ததும் உலோகம் என்று மாணவர்கள் முடிவுகட்ட வேண்டாம். சுண்ணாம்பு மண்ணிலும் இப்படி வரும். மரம் பச்சையாக இருப்பதால் மண் நல்லது என்றும் ஆகாது. உலோகத்தை வேரில் அடைத்துக்கொண்டும் மரம் செழிக்கும்.

பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் தொழில் நடக்கும் கும்மிடிப்பூண்டி போன்ற பகுதிகளில், இலையில் காணும் ஈயத்தில் பெரும்பங்கு வேர்வழி வந்ததாக இருக்காது. காற்றில் வந்து படிந்த தூசியே. அந்தச் சருகை வளாகத்தில் கொளுத்தினால் ஒரு பகுதி புகையோடு போகும், மீதி சாம்பலில் நிற்கும். மட்கவைத்துக் கீரைப் பாத்தியில் போட்டால் மதிய உணவுத் தட்டுக்கு வரும்.

பள்ளித் தோட்டம் தொடங்குமுன் நாம் நம்பும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள் உண்டு. துத்தநாகம், தாமிரம்கூட இருக்கின்றன. ஈயம், காட்மியம், குரோமியம் அதில் இல்லை. ஆலைகளுக்கு அருகிலுள்ள பள்ளிகள் இவற்றைத் தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். முடிவு வரும்வரை கீரைக்குப் பதில் பூச்செடி வைக்கலாம்.