தீவகத் தோட்டங்களுக்கு உடைமரக் காப்பு

நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு ஆகிய இடங்களிற் பயிர்செய்யும் கமக்காரருக்கு மூன்று இடர்கள் உள. சோளகக் காற்று இளம்பயிரை வாட்டுகின்றது. கடலுப்பு இலைகளைக் கருக்குகின்றது. கட்டாக்காலி ஆடுமாடுகள் எஞ்சியதை மேய்கின்றன. இத்தீவுகளில் மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. அளவுகடந்து இறைப்பிற் கிணறு உவராகும். ஆகவே, மேலும் இறைப்பதினும், இறைத்த நீரைக் காற்றுக் கவராது காத்தலே நன்று.

இதற்கு ஏற்றது உடைமரம். மன்னாரிலும் இராமேசுவரத்திலும் குடைபோல விரிந்து நிற்கும் இம்மரம் நமது வறண்ட கரைக்கே உரியது. காற்றை முற்றாகத் தடுக்காது, அதன் வேகத்தைத் தணித்து விடும். 15 அடி உயர்ந்த மரவரிசை ஏறக்குறைய 150 அடி தூரம்வரை பயிருக்குக் காப்பளிக்கும். காய்கள் ஆடுகளுக்கு உணவாம். கிளைகள் அலம்பல் வேலிக்கும் விறகுக்கும் உதவும்.

வித்துக்களின் தோல் கடினமானது. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் அவற்றை இட்டு, ஓரிரவு ஊறவிட்டு, பைகளில் நாற்றாக்குக. ஐப்பசி மழை மண்ணை நன்கு நனைத்தபின், காணியின் தென்மேற்கு எல்லையில் 10 அடிக்கு ஒன்றாக நடுக. முருகைக்கல் வேலியுள்ள காணிகளில் அதன் உட்புறத்தே நடலாம். இரண்டு ஆண்டுகள் ஆடு கடியாது முள்ளடைத்துக் காத்தல் வேண்டும். மிளகாய், வெங்காயப் பாத்திகளுக்கு 20 அடியேனும் இடைவிடுக. நெல்வயல் வரம்பில் இதனை நடுதல் ஆகாது. விழும் முள் வயலில் இறங்குவோர் காலிற் தைக்கும்.

சீமையுடையை இதுவென மயங்கி நடலாகாது. அம்மரம் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தது. 1950ஆம் ஆண்டுகளில் அம்பாந்தோட்டையில் உவர்நிலத்தைத் திருத்த நடப்பட்டது. பின்னர் புந்தல சரணாலயத்துட் புகுந்து பெருங்காடாகப் பரவியது. கால்நடைகள் காயைத் தின்று, வித்தைச் சாணத்தோடு எங்கும் பரப்புகின்றன. வெட்டினும் அடியிலிருந்து மீண்டுந் துளிர்க்கும். அதன் பூ நீண்ட கதிராகவும், காய் நீண்டு மஞ்சளாகவும் இருக்கும். உடையின் பூவோ சிறு உருண்டை, காய் வளைந்தது.

வித்தெடுக்குமுன் தாய்மரத்தின் பூவையும் காயையும் பார்த்துத் தெளிக. சீமையுடை முளைத்திருப்பிற் சிறுகன்றாயிருக்கும்போதே வேரோடு பிடுங்குக. முற்றியபின் அதனை அகற்றுஞ் செலவு, காணியின் விளைவையே விழுங்கிவிடும்.