விதைநெல்லின் முதுமை

நெல்மணியின் உமியை நீக்கி நெடுக்காகப் பிளந்தால், பெரும்பகுதி வெண்மாவாகவும், அடியோரத்தில் சிறு புள்ளியளவே முளைக்கருவாகவும் இருப்பதைக் காணலாம். அம்மாவு கருவுக்குரிய கட்டுச்சோறு எனினும், அதை அப்படியே உண்ணக் கருவால் இயலாது. ஈரம் ஊறியதும் கரு ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியைச் சுரக்க, அது மாவைச் சூழ்ந்த அலூரோன் என்ற மெல்லிய உயிரணு அடுக்கைத் தூண்டுகிறது; அவ்வடுக்கு ஆல்பா அமைலேஸ் என்னும் நொதியை, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதத்தை, உண்டாக்கி மாவைச் சர்க்கரையாக உடைக்க, அதைக் கொண்டே நாற்று வளர்கிறது.

சேமிப்பில் நாள்படும்போது முதலில் குலைவது இந்த ஏற்பாடுதான். உயிரணுச் சவ்வுகளிலுள்ள கொழுப்பு ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிதைய, சவ்வுகள் கசியத் தொடங்குகின்றன. புரதம் ஆக்கும் குறிப்புகளைத் தாங்கி உலர்ந்த கருவுக்குள் காத்திருக்கும் ஆர்.என்.ஏ. இழைகளும் மெல்ல அறுபடுகின்றன. இத்தகைய விதை ஊறவைத்ததும் முளைக்க முற்படுவதற்குள் பழுதுபார்க்கவே காலம் கடந்துவிட, அமைலேஸ் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது. மாவு மட்டும் பெரிதாகக் கெடுவதில்லை. பழைய அரிசியைச் சோற்றுக்கு விரும்பி வாங்கும் நாட்டில் பழைய விதைநெல்லை எவரும் விரும்பாததன் காரணம் இதுவே. கட்டுச்சோறு கையிலிருக்க, அதை அவிழ்க்கும் வலுவின்றிக் கரு பட்டினியால் வாடுகிறது.

இத்தளர்ச்சியைக் கண்ணாலேயே காணலாம். ஊறவைத்துப் பிளந்த விதையை டெட்ரசோலியம் என்னும் நிறமற்ற கரைசலில் இட்டால், சுவாசத்துக்குரிய நொதிகள் இயங்கும் திசு சிவக்கிறது. இறந்த திசு வெளிறியே கிடக்கிறது. முதிர்ந்த விதை ஊறிய நீரில் சர்க்கரையும் உப்புகளும் கசிந்திருப்பதால் அந்நீர் மின்சாரத்தை மிகுதியாகக் கடத்துவதோடு, பூஞ்சணத்துக்கும் விருந்தாகிறது.

சான்று நெல்விதைக்கு இந்தியாவில் 80 விழுக்காடு முளைப்புத்திறன் வேண்டும். ஆயினும் முளைப்புத்திறனை மட்டும் நம்புவது போதாது. எண்ணிக்கை குறையுமுன்பே வேகம் குறைந்துவிடுவதால், ஒரே விழுக்காடு காட்டும் இரு விதைக் குவியல்களில் ஒன்று நாற்றங்காலில் சீராக எழ, மற்றொன்று முன்னும் பின்னுமாக முளைத்துத் திணறக்கூடும்.

விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தாலோ, சேமிப்பிடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் தணிந்தாலோ, அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதையியல் ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த நடைமுறை விதி. காய்ந்த விதைநெல்லை வைக்கோல் கோட்டையாகக் கட்டிச் சாணம் மெழுகிய முன்னோர் வழக்கம் இந்த ஈரத்தைத் தடுக்கும் முயற்சியே. வெறும் சாக்கில் கிடக்கும் விதையோ ஐப்பசி மழைக்காற்றில் ஈரத்தை மீண்டும் இழுத்துக்கொள்ளும் என்பதால், வெயில் கண்ட நாளில் அதை உலர்த்தி 13 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது இன்றியமையாதது.